உடற்பயிற்சி நிலையந் தெரிந்தெடுத்தல்

பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க முற்படும் பெற்றோர் எத்தனையோ விடயங்களை ஆராய்கின்றனர். ஆங்குக் கற்பிப்போர் யாவர், அவர் கற்றது யாது, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம், உடன் பயில்வோர் எத்தகையினர் என்றெல்லாம் விசாரித்த பின்னரே ஒரு முடிவுக்கு வருகின்றனர். அப்பிள்ளையே பதினெட்டு வயதெய்தி உடற்பயிற்சி நிலையம் ஒன்றிற் சேர விரும்பும்போது, மாதக் கட்டணம் எவ்வளவு என்ற ஒரு கேள்வியோடு அவர்தம் ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. உள்ளத்தைப் பயிற்றும் இடத்தைத் தெரிவதிற் காட்டும் விழிப்பினை உடலைப் பயிற்றும் இடத்தைத் தெரிவதில் நாம் காட்டுவதில்லை. இளைஞர் 'ஜிம்' எனச் சுருங்க வழங்கும் இந்நிலையங்கள் இன்று சிறுநகரங்களிலும் தோன்றிவிட்டன. அவற்றுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்பதனை வரலாறு, மருத்துவம், சொந்த அனுபவம் ஆகிய மூன்றன் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாடசாலையையும் உடற்பயிற்சி நிலையத்தையும் ஒப்பிட்டமை வெறும் உவமைக்காக அன்று. அவ்விரண்டும் ஒரு காலத்தில் ஒரே இடத்தில் இருந்தன. 'ஜிம்னாசியம்' என்னுஞ் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. ஆடையின்மையைக் குறிக்கும் சொல்லொன்றே அதன் வேர். கிரேக்க இளைஞர் உடலில் எண்ணெய் பூசி, ஆடை களைந்து, ஓட்டமும் மற்போரும் பயின்ற இடத்துக்கு அப்பெயர் வழங்கிற்று. ஏதென்சு நகரின் புறத்தே அமைந்த அக்கடெமி, லைசியம் என்பன அத்தகைய பயிற்சிக்களங்களே. முன்னதிற் பிளேட்டோவும் பின்னதில் அரிஸ்டோட்டிலும் தத்தம் மாணாக்கரைக் கூட்டிக் கற்பித்தனர். இன்று கல்விக்கழகங்களை 'அக்கடெமி' என வழங்குவதும், ஜேர்மனியர் தம் உயர்தரப் பாடசாலையை 'கிம்னாசியம்' என அழைப்பதும் அப்பழைய உறவின் எச்சங்களாம். அக்களங்களில் இளைஞரைப் பயிற்றுவதற்கெனத் தனி ஆசிரியர் இருந்தனர் என்பதும் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. களமும் கருவியும் இருந்தால் போதும், ஆசிரியன் வேண்டா என அவர்கள் எண்ணவில்லை.

தமிழர்க்கும் இத்துறை புதிதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனொடு பொருது வென்ற செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' எனப் பெயர் பெற்றான். அவன் பெயராலேயே கடன்மல்லை மாமல்லபுரமாயிற்று. அண்மைக்காலம் வரையிலும் ஊர்தோறும் சிலம்பக்கூடமும், கர்லாக்கட்டை சுழற்றுங் களமும், தண்டாலும் பஸ்கியும் பழக்கும் வாத்தியாரும் இருந்தனர். ஆங்கெல்லாம் மாணாக்கன் முதலில் தேடியது குருவை. கருவி அதன் பின்னரே.

இந்த முறைமை எவ்வாறு மாறிற்று? ஐரோப்பாவில் 1811 ஆம் ஆண்டு பிரெடெரிக் லூத்விக் யான் என்பார் பேர்லின் நகரத்தருகே திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். சுவீடன் நாட்டு வைத்தியர் குஸ்தாவ் சாண்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நெம்புகோலும் பாரமும் பொருந்திய பயிற்சிப் பொறிகளை ஆக்கி நோயாளருக்குப் பயன்படுத்தினார். 1897 இல் யூஜின் சாண்டோ இலண்டனில் உடற்பயிற்சிக்கூடம் ஒன்றைத் திறந்தார். அவருடைய தசைத்திரட்சியைக் காட்டிய புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. வைத்தியர் கையில் மருந்தாக இருந்த பொறி வணிகர் கையிற் பண்டமாயிற்று. பயிற்சியின் பயனாக இருந்த தோற்றம் அதன் நோக்கமாயிற்று. இன்று ஒரு நிலையத்தின் வாயிலில் நிற்கும் இளைஞனுடைய கண் முதலில் பொறிகளிலும், அடுத்துச் சுவரிலுள்ள படங்களிலும் படுகின்றது. ஆசிரியன் யார் என்ற கேள்வி அவன் மனத்தில் எழுவதேயில்லை.

இத்தகைய நிலையங்கள் நமக்கு வேண்டுமா என வினவுவாரும் உளர். மாத்தளை மாவட்டத்துத் தமிழரின் மூதாதையர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக நடந்தே மலைநாடு புகுந்தவர்கள். மலைச்சரிவில் ஏறி இறங்கி நாள் முழுதும் உழைத்தோர்க்கு உடற்பயிற்சி நிலையம் எதற்கு? ஆனால் அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம் கடையிலும், அலுவலகத்திலும், வகுப்பறையிலும், முச்சக்கரவண்டியிலும் அமர்ந்து பிழைக்கின்றோம். நான் வாழும் பல்லேபொலைப் பகுதியிலும் ஏரும் எருதும் சென்ற வயலில் இன்று உழவியந்திரம் செல்கின்றது. உழைப்பு மாறிற்று, உணவு மாறவில்லை.

அமர்ந்து செய்யுந் தொழிலின் கேட்டினை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரித்தானிய மருத்துவ அறிஞர் ஜெரி மொரிஸ் ஆவர். இலண்டனின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்து 1953 இல் தம் முடிவினை வெளியிட்டார். நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்த சாரதிகளைக் காட்டிலும், படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களிடையே இருதய நோய் குறைவாகக் காணப்பட்டது. ஒரே வண்டி, ஒரே தெரு; உடலசைவு ஒன்றே பெரிய வேறுபாடு. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை நடுத்தர உழைப்புள்ள பயிற்சி செய்தல் வேண்டும். தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியை வாரத்தில் இரு நாளேனும் செய்தல் வேண்டும். முன்னதை விரைவான நடையாற் பெறலாம். பின்னதற்கே ஒரு நிலையம் பெரிதும் உதவுகின்றது. ஆதலின், அங்குச் செல்லுமுன் 'எனக்கு வேண்டுவது யாது?' என ஒருவன் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். நீரிழிவைத் தடுக்க விரும்பும் நாற்பது வயதினனுக்கும், ஓட்டப்போட்டிக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவனுக்கும், முழங்கால் வலியுடைய முதியோர்க்கும் வேண்டுவது ஒன்றன்று.

இனி, தெரிந்தெடுக்கும் முறையை நோக்குவோம். இதனை நான் கற்றது நூலிலிருந்தன்று, ஒரு பிழையிலிருந்து. நாற்பத்திரண்டாம் வயதில் வைத்தியர் என் இரத்தத்திற் சர்க்கரையின் அளவு எல்லையை நெருங்கிவிட்டதென்றும், இடுப்புச் சுற்றளவைக் குறைக்க வேண்டுமென்றும் கூறினார். தெற்காசிய ஆடவர்க்கு அது 90 சென்ரிமீற்றருக்கும் பெண்டிர்க்கு 80 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டிருத்தல் நன்று என்பர், எனக்கோ 101. அவ்வாரமே நகரொன்றிற் கண்ணாடிச் சுவரும் குளிரூட்டியும் கொண்ட நிலையமொன்றிற் சேர்ந்தேன். சலுகை உண்டென்றதால் ஓராண்டுக் கட்டணத்தை ஒருசேரச் செலுத்தினேன். அங்கிருந்த பயிற்றுநர் என் வயதைக் கேட்டிலர், நோயைக் கேட்டிலர். முதல் நாளே நூற்றுக்கு மேற்பட்ட பஸ்கி எடுக்கச் செய்தார். நான்கு நாள் மாடிப்படி இறங்க முடியாது, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வகுப்புக்குச் சென்றேன். மாணவர் சிரித்தனர், நானும் உடன் சிரித்தேன். அது சிரிக்கத்தக்க செய்தி அன்று என்பதனைப் பின்னரே அறிந்தேன்.

பழக்கமில்லாத உடலை முதல் நாளிலேயே அளவு மீறி வருத்தினால், தசைநார்கள் சிதைந்து அவற்றின் உட்பொருள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குதலும் உண்டு. கடுமையான தசைவலியோடு சிறுநீர் கருந்தேயிலைச் சாயத்தின் நிறமாகப் போகுமாயின், தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். இதனாலேயே நல்ல பயிற்றுநர் குறைவிலிருந்து தொடங்குகின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் காயமுற்ற அமெரிக்கப் படைவீரருக்குப் பயிற்சியளித்த வைத்தியர் தோமஸ் டிலோம், பாரத்தைப் படிப்படியாக ஏற்றும் முறையை ஒழுங்குபடுத்தி 1945 இல் எழுதினார். இன்றைய பாரப்பயிற்சி முறைகள் பலவற்றுக்கும் அடிப்படை அதுவே. எழுத்தறியாதவன் கையில் இலக்கண நூலைக் கொடுத்தல் எத்துணைப் பேதைமையோ, புதியவன் தோளிற் பெரும்பாரத்தை வைத்தலும் அத்துணைப் பேதைமையாம்.

எனவே முதலாவது விதி இது: நிலையத்தைப் பாராதே, ஆசிரியரைப் பார். அவர் உன்னைக் கேட்கும் கேள்விகளைக் கொண்டு அவரை மதிப்பிடுக. கனடாவில் 1970களில் உருவான ஏழு கேள்விகளைக் கொண்ட வினாப்பத்திரமொன்று உலகெங்கும் வழங்குகின்றது. இருதய நோய் உண்டெனவும் வைத்தியர் சொன்ன பயிற்சியே செய்தல் வேண்டுமெனவும் எப்போதேனும் கூறப்பட்டதா, உழைக்கும்போது நெஞ்சில் வலி தோன்றுமா, உழைக்காத வேளையிலும் அவ்வலி வந்ததுண்டா, தலைசுற்றி விழுந்ததுண்டா, எலும்பிலோ மூட்டிலோ கோளாறு உண்டா, இரத்த அழுத்தத்துக்கோ இருதயத்துக்கோ மருந்து உட்கொள்வதுண்டா, பயிற்சி செய்யலாகாமைக்கு வேறு காரணம் உண்டா என்பனவே அவை. ஒன்றுக்கேனும் 'ஆம்' என்ற விடை வரின், வைத்தியரைக் கண்ட பின்னரே பயிற்சி தொடங்கத்தக்கது. கட்டணத்தைக் கேட்குமுன் இவற்றைக் கேட்கும் நிலையம் நல்ல நிலையம். இவற்றுள் ஒன்றையேனும் கேளாத நிலையத்தின் பொறிகள் எத்துணைப் புதியனவாயினும் அதனை விட்டு விலகுக.

பயிற்றுநர் எங்கே, எவ்வளவு காலம் பயின்றார் என வினவுவதும் மரியாதைக் குறைவாகாது. உடற்பயிற்சியைக் கற்பித்தல் தனிக் கல்வித்துறை என்பதனை நம் அயல்நாடு நூறாண்டுக்கு முன்னரே உணர்ந்தது. ஹரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920 இற் சென்னையில் ஒய். எம். சி. ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். தன் உடம்பைத் திரட்டிக்கொண்டவரெல்லாம் பிறர் உடம்பைத் திருத்த வல்லவர் ஆகார். கணக்கிற் கெட்டிக்காரனான மாணவன் எல்லாரும் நல்ல கணக்காசிரியன் ஆவதில்லை என்பதனை ஆசிரியராகிய நாம் அறிவோம் அன்றோ?

ஆசிரியரைத் தெரியாது நிலையத்தைத் தெரிந்தால் நேரக்கூடிய பெருந்தீங்கு ஒன்றனை ஈண்டுக் கூறாது விடுதல் இயலாது. என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன், சாதாரணதரப் பரீட்சை எழுதியபின் தூரத்து நகரமொன்றில் வேலைக்குச் சென்றான், மெலிந்த உடம்பினன். சில மாதங்களின் பின் விடுமுறையில் வந்தவனை எனக்கு அடையாளந் தெரியவில்லை. தோளும் மார்பும் புடைத்திருந்தன. முகத்திலும் முதுகிலும் பருக்கள் செறிந்திருந்தன. சிறு சொல்லுக்கும் சினந்தான். தனியே அழைத்து வினவியபோது, நிலையத்தில் 'அண்ணன்' ஒருவர் வாரந்தோறும் ஊசி போடுவதாகச் சொன்னான். அதற்கெனச் சம்பளத்திற் பாதி செலவாயிற்று. "சேர், ஊசி போடாமல் இந்த உடம்பு வருமா?" என்று அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கின்றது.

அந்த ஊசி ஆண்மைச் சுரப்பினை ஒத்த செயற்கைப் பொருளாகும். ஸ்டெரொய்ட் என வழங்கும் இது தசையை வளர்ப்பது மெய்யே. ஆயின் வெளியிலிருந்து அது வந்து சேருங்கால், உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்கின்றது. விதைகள் சுருங்குதலும், மகப்பேற்றுக்கு இடையூறும், இரத்தக் கொழுப்பின் சீர்கேடும், இருதயத் தசையின் தடிப்பும் அதன் விளைவுகளாம். மாத்திரையாக உட்கொள்வன ஈரலையும் கெடுக்கும். வளரும் பருவத்தினர்க்கு எலும்பின் வளர்முனை காலத்துக்கு முன் மூடிக்கொள்வதால் உயரமும் குன்றும். திடீரென நிறுத்தினால் சோர்வும் மனத்தளர்ச்சியும் மாதக்கணக்கில் நீடித்தல் கூடும். ஆதலின் பயன்படுத்துவோன் தானே ஒளித்து நிறுத்த முயலாது வைத்தியரிடம் உண்மையைக் கூறுதல் வேண்டும். அம்மாணவனை நானே அழைத்துச் சென்றேன். வைத்தியர் அவனைக் கடிந்து பேசவில்லை. சோதனைகளை எழுதிக் கொடுத்தார். அவன் திரட்டிய உடம்பு சில மாதங்களில் வற்றிற்று, சினமும் தணிந்தது. விளையாட்டில் ஊக்கமருந்துப் பாவனையைத் தடுப்பதற்கென இலங்கை 2013 இற் சட்டமொன்றை இயற்றியுள்ளது. ஆயினும் சட்டத்தின் கண் படுமுன்னர்த் தாயின் கண்ணும் ஆசிரியரின் கண்ணும் படுதல் வேண்டும். ஊசியோ பெயரறியாத மாத்திரையோ விற்கப்படும் இடம் எதுவாயினும், அங்கு ஒரு நாளும் நில்லற்க.

மாமிசச்சத்து மா எனத் தகரப்பேணிகளில் விற்பனவற்றைப் பற்றியும் ஒரு சொல். அவை ஸ்டெரொய்ட் போன்று நஞ்சல்ல. ஆயின் பெரும்பாலோர்க்குத் தேவையுமல்ல. சாதாரணமாக வாழ்வோர்க்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் போதும்; கடும்பயிற்சி செய்வோர்க்கு ஏறத்தாழ அதன் இருமடங்கு வேண்டும். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராமும், 100 கிராம் பாசிப்பயற்றில் 24 கிராம் அளவிலும் புரதம் உண்டு. பயறும், கடலையும், முட்டையும், நெத்தலிக் கருவாடும் உள்ள வீட்டில் பேணி வாங்கக் கடன்படுதல் வேண்டா. சேரும் அன்றே பேணியை விற்க முனையும் நிலையம் பயிற்சிக்கூடம் அன்று, கடை.

இரண்டாவது விதி அண்மை. பல்லேபொலையிலிருந்து மாத்தளை நகருக்கு பஸ்ஸிற் சென்று திரும்பும் ஒருவன், ஒரு மணிநேரப் பயிற்சிக்காக அதனினும் கூடிய நேரத்தை வழியிற் கழிக்கின்றான். மழை பெய்தால் ஒரு நாள், கடைசி பஸ்ஸைப் பற்றிய அச்சத்தால் ஒரு நாள் என வரவு குறையும். முன்பணமாகச் செலுத்திய கட்டணம் நம்மை இழுத்துச் செல்லும் என எண்ணுவது மயக்கம். டெலாவிக்னா, மால்மெண்டியர் என்னும் பொருளியலறிஞர் இருவர், அமெரிக்காவில் மூன்று நிலையங்களைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினரின் வரவினை ஆராய்ந்து 2006 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மாதச்சந்தா செலுத்தியோர் மாதத்துக்குச் சராசரி நான்கு முறையளவே சென்றனர். கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு வரவுக்கும் 17 டொலருக்கு மேல் ஆயிற்று. பத்து வரவுக்கான சீட்டை வாங்கியிருப்பின் ஒவ்வொன்றுக்கும் 10 டொலரே ஆகியிருக்கும். வருங்காலத் தம்மை மிக நல்லவராக எண்ணி மக்கள் பணங் கொடுக்கின்றனர் என்பதே அவர்கள் கண்ட உண்மை. நானும் ஓராண்டுப் பணத்தைச் செலுத்தி, இரண்டு மாதம்கூடச் செல்லாது விட்டவனே. ஆதலின் தொடக்கத்தில் மாதம் மாதமாகவே செலுத்துக. மூன்று மாதம் தவறாது சென்ற பின்னர் நீண்ட காலச் சலுகையைப் பற்றிச் சிந்திக்கலாம். வாரத்தில் மூன்று நாள் செல்லக்கூடிய சிறுநிலையம், மாதத்தில் மூன்று நாள் மட்டும் செல்லக்கூடிய பெருநிலையத்தினும் நன்று.

மூன்றாவதாகவே இடமும் பொறியும் வருகின்றன. நீ பயிலக் கருதும் அதே வேளையிற் சென்று பார். காலை பத்து மணிக்கு வெறுமையாய் இருக்கும் கூடம் மாலை ஆறு மணிக்குச் சந்தையாக இருத்தல் கூடும். காற்றோட்டம் உண்டா, தரை வழுக்குமா, குடிநீர் உண்டா, இரும்புத்தண்டின் முனைகளிற் பாரம் நழுவாதிருக்கப் பூட்டு உண்டா, படுத்துப் பாரம் தூக்குவோன் தலைமாட்டில் துணையாள் நிற்கின்றாரா என நோக்குக. இருக்கைகளைத் துடைக்காத இடத்தில் வியர்வையோடு படர்தாமரையும் பரவும். பொறிகளின் தொகையைக் கண்டு மயங்கற்க. ஓடும் பட்டையின் முன்னோடியான மிதிபொறியை 1818 இல் வில்லியம் கியூபிட் என்னும் ஆங்கிலேயர் அமைத்தது சிறைக்கைதிகளை வேலை வாங்குவதற்காகவே. நம் ஊரின் ஏற்ற இறக்கமான பாதை அதே பயிற்சியை இலவசமாகத் தருகின்றது.

பெண்களைப் பற்றிய கருத்தும் திருந்துதல் வேண்டும். பாரப்பயிற்சி ஆண்களுக்கே உரியது என்பது தவறு. மாதவிடாய் நின்றபின் விரைந்து குறையும் எலும்பின் உறுதியைக் காப்பதில் அப்பயிற்சிக்குப் பங்குண்டு. பெண் பயிற்றுநர், தனி உடைமாற்றும் அறை, வெளிச்சமான வழி, திரும்பிவர பஸ் உள்ள நேரம் ஆகிய நான்கும் இருக்குமாயின் நம் தாய்மாரும் சகோதரிமாரும் தயக்கமின்றிச் செல்வர். இவை இல்லாத நிலையம் ஊரிற் பாதிப்பேருக்குக் கதவடைத்த நிலையமாகும்.

பொருத்தமான நிலையம் எதுவும் அருகில் இல்லையெனின் யாது செய்வது? தகுதியற்றதிற் சேர்வதினும் சேராதிருத்தல் நன்று. தண்டாலுக்கு ஆறடித் தரை போதும். பஸ்கிக்கு அதுவும் வேண்டா. மணல் நிரப்பிய இரண்டு போத்தல்கள் கைப்பாரமாகும். இவற்றோடு மாலை நடையும் சேரின் உலக சுகாதார நிறுவனம் கூறிய அளவு நிறைவுறும். நானும் இவ்வாறே ஆறு மாதம் பயின்ற பின்னர், கடையொன்றின் மேல்மாடியில் நடக்கும் சிறு நிலையமொன்றிற் சேர்ந்தேன். நான்கைந்து பழைய கருவிகளே அங்குண்டு. ஆயினும் அதனை நடத்துபவர் முதல் நாள் ஒரு கொப்பியைத் திறந்து, "ஐயா, பிரஷர் மருந்து ஏதும் குடிக்கிறீங்களா?" என்றே தொடங்கினார். அக்கேள்வியைக் கேட்டவுடன் எனக்குரிய இடம் இதுவென அறிந்துகொண்டேன். இன்று என் இடுப்புச் சுற்றளவு 93. இன்னும் 3 சென்ரிமீற்றர் உண்டு, அவசரமில்லை.

மாணவர்களே, வலிமையை விரும்புதல் இளமைக்கு அழகு. அவ்விருப்பத்தைக் கண்டவர் கையிலும் ஒப்படையாது, அறிந்தவர் கையில் ஒப்படையுங்கள். பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: கற்ற கல்லூரிக்கு உடற்பயிற்சிக்கூடம் அமைத்துக் கொடுக்க எண்ணுவோர், பொறிகளுக்குப் பணம் அனுப்புமுன் அவற்றைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவரின் சம்பளத்துக்கு வழி செய்வாராக. ஆசிரியர் உள்ள இடத்தில் வெறுந்தரையும் பயிற்சிக்களமாகும். அவர் இல்லாத இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும், அல்லது இளைஞரின் உடம்பைக் கெடுக்கும். பிளேட்டோ கற்பித்த களத்துக்கும் சிலம்ப வாத்தியாரின் முற்றத்துக்கும் பொருந்திய இவ்வுண்மை இன்றைய நிலையத்துக்கும் பொருந்தும்.